சர்வே: அளவையா, ஆய்வா?

ஊரில் சர்வே என்றால் நிலம்தான். சர்வே கல், சர்வேயர், வரப்புத் தகராறு. பத்திரத்தில் 'புல எண்' என்று இருந்தாலும் வாயில் வருவது சர்வே நம்பர். சரி, செடிகொடிகளை ஆராயும் பொட்டானிகல் சர்வே ஆஃப் இந்தியா எந்த வரப்பை அளக்கிறது?

சொல்லின் வேர் லத்தீன். 'சூப்பர்' என்றால் மேலே, 'விதேரே' என்றால் பார்த்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சர்வே ஆனது. சூப்பர்வைசரும் இதே வேர்தான். நம் 'மேற்பார்வை' அதற்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. ஆக, பார்ப்பதுதான் மூலப்பொருள். அளப்பது அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

1767இல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவின் வேலை வரைபடம். 1802இல் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து, மற்ற தூரங்களைக் கணக்கிட உதவும் அடிப்படைக் கோடு ஒன்றை அளந்தாரே, அது அசல் அளவை. ஆனால் பாறைக்கும் கனிமத்துக்கும் 1851இலும், தாவரங்களுக்கு 1890இலும், விலங்குகளுக்கு 1916இலும் வந்த சர்வேக்களின் வேலை வேறு. தாவரக்காரர்கள் காடு காடாக அலைந்து, செடியைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, எங்கே எப்போது கிடைத்தது என்று குறித்துவைப்பார்கள். அப்படிச் சேர்ந்த தொகுப்புகளில் ஒன்று கோவையில் உள்ளது. பெயர் என்னவோ மெட்ராஸ் ஹெர்பேரியம்!

தமிழில் நிலத்துக்கு 'நில அளவை' என்கிறோம், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 'ஆய்வு'. எனக்கு இந்த 'ஆய்வு' போதவில்லை. முனைவர் பட்டத்துக்குச் செய்வதும் ஆய்வு, அமைச்சர் வெள்ளச் சேதத்தைப் பார்ப்பதும் ஆய்வு. 'கணக்கெடுப்பு' தலையை எண்ணுவதோடு நின்றுவிடும்.

'அளவை' அப்படியில்லை. சோழர் காலத்தில் நிலம் அளந்த உலகளந்த கோலில் இருக்கும் அதே 'அள' என்ற வேர். நீட்டலளவை, முகத்தலளவை என்று பள்ளியிலும் படித்தோம். தருக்க நூல்களிலோ ஒன்றை அறியும் வழிக்கே அளவை என்றுதான் பெயர். கண்ணால் கண்டு அறிவது காட்சியளவை. காட்டுக்குள் போய் நேரில் கண்டு பதிவதற்கு இதைவிட நெருங்கிய சொல் ஏது? தாவர அளவை, விலங்கு அளவை என்று தயங்காமல் எழுதலாம்.

தேர்தல் நேரத்து சர்வேயை மட்டும் விட்டுவிடுவோம். அதற்குக் 'கருத்துக்கணிப்பு' ஏற்கெனவே நன்றாக வேரூன்றிவிட்டது.