சர்வே எண் என்பது புல எண். ‘கணக்கெடுப்பு எண்’ அன்று

உறவினர் ஒருவருக்காக அண்மையில் ஒரு பொது அதிகார ஆவணத்தின் தமிழ்ப் படியைச் சரிபார்க்க நேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் தமிழாக்கிய ஆவணம் அது. சொத்து விவரத்தின் முதல் வரியிலேயே ‘கணக்கெடுப்பு எண் 112/3’ என்று இருந்தது. வீட்டுமனை விளம்பரங்களிலும் செய்திகளிலும் இந்தச் சொல்லைப் பலமுறை பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். கையொப்பமிட்டுப் பதிவு செய்யப் போகும் ஓர் ஆவணத்துக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்த பிறகு பேசாமல் இருக்க இயலவில்லை.

சர்வே என்னும் சொல்லின் பிறப்பை நீட்டத் தேவையில்லை. ‘மேல்’, ‘பார்’ என்னும் பொருள் கொண்ட இரண்டு இலத்தீன் சொற்கள் சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது அது. மேலிருந்து நோக்குதல் என்பதே மூலப் பொருள். ஆங்கிலத்தில் அது பல கிளைகளாகப் பிரிந்தது: நிலத்தை அளப்பதும் சர்வே, வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டுவதும் சர்வே, மக்களின் கருத்தைக் கேட்பதும் சர்வே. தமிழ் இவற்றை ஒரே சொல்லில் அடைத்ததில்லை. எண்ணினால் கணக்கெடுப்பு, கருத்துக் கேட்டால் கருத்தாய்வு, நிலத்தில் கோலோ சங்கிலியோ போட்டால் அளவை. நம் மொழியில் தெளிவாக இருந்த பிரிவினையை, ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் குழப்புகிறார்கள்.

நிலத்தோடு சேர்ந்த வினை எப்போதுமே அளத்தல்தான். சோழர் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை அளக்கத் தொடங்கியபோது அவர் எந்த வயலுக்கும் எண் இடவில்லை; முக்கோணங்களால் ஒரு நாட்டையே அளக்கும் பணியைத் தொடங்கினார். வரிக்காக வயல் வயலாக அளந்தது வேறு வேலை. நோக்கம் வேறானாலும் இரண்டும் அளவைதான். 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டமும் சர்வே என்பதை எல்லையைத் தீர்மானித்தல், அளத்தல், பதிவு செய்தல் ஆகியவற்றைச் சார்ந்த பணியாகவே கொள்கிறது. தமிழ்நாட்டில் இப்பணிக்குரிய துறையின் பெயரில் இருப்பது நில அளவை. இலங்கையில் இருப்பது நில அளவைத் திணைக்களம். இத்தனை பெயர்ப் பலகைகள் கண்முன் தொங்கும்போது, கணக்கெடுப்பைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

கணக்கெடுத்தல் என்றால் எண்ணித் தொகை காண்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கால்நடைக் கணக்கெடுப்பு, யானைக் கணக்கெடுப்பு என்று சொல்லும்போது அங்கே உருப்படிகள் இருக்கின்றன. அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம். 112ஆம் எண்ணுள்ள வயலை யாரும் எண்ணவில்லை. அதன் மூலைகளில் கல் நட்டு, பக்கங்களை அளந்து, படம் வரைந்து, அந்த வயலுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். ‘கணக்கெடுப்பு எண் என்ன?’ என்று கேட்டால், கிராமத்துப் பெரியவர் ஒருவருக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் வாசற்சுவரில் எழுதிவிட்டுப் போன எண்ணே நினைவுக்கு வரும். அவர் அதைப் பார்த்துச் சொன்னால் குற்றம் அவருடையதன்று.

‘ஆய்வு எண்’ என்பது இதைவிட மோசம். சர்வேயை ஆய்வு என்று கொண்டால் சர்வேயர் ஆய்வாளர் ஆக வேண்டும். ஆனால் நில அளவைத் துறையில் நிலத்தை அளப்பவர் நில அளவர். ஆய்வாளர் என்பவர் அவருக்கு மேலே இருக்கும் அலுவலர். வருவாய்த் துறையிலோ வருவாய் ஆய்வாளர் என்று தனியே ஒருவர் இருக்கிறார். ஒரே வட்டாட்சியர் அலுவலகத்தில் இத்தனை ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு, சங்கிலி பிடிப்பவரையும் ஆய்வாளர் ஆக்கினால், மனு கொடுக்க வந்தவர் எந்த மேசைக்குப் போவார்? ரீசர்வே எண்ணை ‘மறுஆய்வு எண்’ என்று பெயர்த்திருப்பதையும் அதே ஆவணத்தில் கண்டேன். மறுஆய்வு என்பது நீதிமன்றத்தில், தீர்ப்பைத் திரும்பப் பார்க்கக் கோரும் மனுவோடு சேர்ந்த சொல். ‘மறுஆய்வு எண் 45/2’ என்று படிப்பவர், நிலத்தின் மேல் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று அஞ்சி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் வியப்பில்லை.

சரியான சொல் பட்டாவிலேயே இருக்கிறது: புல எண், அதன் பக்கத்தில் உட்பிரிவு எண். புலம் என்றால் விளைநிலம். ‘மிச்சில் மிசைவான் புலம்’ என்று குறள் சொல்லும் புலம், விருந்தினர் உண்ட மிச்சத்தை உண்பவனுடைய வயலே. அதில் வித்தும் இட வேண்டுமோ என்பதுதான் வள்ளுவர் கேள்வி. வன்புலம், மென்புலம் என்று சங்கப் பாடல்கள் பிரிப்பதும் நிலத்தைத்தான். இன்று புலம் என்றதும் ஐம்புலனோ பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவோ நினைவுக்கு வருகிறது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். எண் என்பதோடு சேர்ந்து பட்டாவில் நிற்கும்போது அந்த மயக்கம் வர வழியில்லை. சர்வே என்ற சொல்லே மறைந்துவிடுகிறதே என்பது இன்னொரு மறுப்பு. மறையட்டும். எண் அளவைக்கு உரியதன்று. அளந்து பிரித்த வயலுக்கு உரியது. வயலில் ஒரு பகுதியை விற்றால் எண் உடைந்து உட்பிரிவு பிறக்கிறது. இந்த வளர்ச்சி முழுவதும் புலத்துக்குள் நடப்பது. நில அளவை எண் என்பதையும் பிழை என்று சொல்ல மாட்டேன். நகரங்களில், வார்டும் பிளாக்கும் சேர்ந்து வரும் இடத்தில், நகர அளவை எண் என்பதே பொருந்தும்.

ஆங்கிலத்தின் ‘ஃபீல்ட்’ என்னும் சொல்லுக்கு அகராதியைப் பார்த்து, புலத்தைக் ‘களம்’ ஆக்குகிறவர்களும் உண்டு. வயலின் அளவுகளைக் காட்டும் படத்துக்கு அரசின் இணையச் சேவையிலேயே புலப்படம் என்ற அழகான சொல் இருக்க, ‘கள அளவீட்டுப் புத்தகம்’ என்று எழுதுகிறார்கள். கிராமத்தில் களம் என்றால் நெல்லடிக்கும் இடம். களம் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் அதற்குத் தனி வகைப்பாடே உண்டு. பட்டா நிலத்தின் அளவைக் களத்தின் அளவு என்று எழுதுவது, வேண்டாத வம்பை வீட்டுக்குக் கூப்பிடுவது.

இவ்வளவு சிறிய சொல்லுக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்கலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அசையாச் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் ஆவணத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பரப்பும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையையே, அதாவது நான்கு பக்கமும் எது இருக்கிறது என்ற விவரத்தையே, நம்புகின்றன என்பது உண்மை. ஆனால் வில்லங்கச் சான்று தேடுபவர் கையில் இருப்பது நான்கெல்லை அன்று, புல எண்தான். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணிக்குப் பிறகு பல நிலங்களுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று ஆகிவிட்டது. பழைய புல எண், புதிய புல எண் என்று எழுதினால் பத்திர எழுத்தருக்கும் பதிவு அலுவலகத்துக்கும் உடனே விளங்கும். ஒன்றைக் கணக்கெடுப்பு எண் என்றும் மற்றொன்றை மறுஆய்வு எண் என்றும் எழுதினால், இரண்டும் ஒரே நிலத்தின் எண்கள் என்றே தோன்றாது.

தூய தமிழில் எழுதியாக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. பைமாஷ் நம்பரும் (பழைய நில அளவை எண்) தபசிலும் (சொத்து விவரம்) எங்கிருந்தோ வந்து பழைய பத்திரங்களில் குடியேறியவைதான். அவற்றைப் புரியாமல் யாரும் நிலத்தை இழந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உழவர் வாயில் சர்வே நெம்பர் என்பது தடையின்றி வருகிறது. புல எண் நினைவுக்கு வராத மொழிபெயர்ப்பாளர் சர்வே எண் என்றே விட்டுவிடலாம்; தமிழ் உடையைப் போட்டுக்கொண்டு தவறான இடத்தைக் காட்டும் சொல்லைவிட, இடத்தைச் சரியாகக் காட்டும் வேற்றுச் சொல் மேல். ஒரு பட்டாவைக் கையில் வாங்கிப் பார்க்காமலே சொத்து ஆவணத்தைப் பெயர்க்கத் துணிவதுதான் எனக்குப் புரியாத தைரியம்.

அந்த ஆவணத்தைத் திருத்தச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்த படியில் புல எண் 112/3 என்று சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ‘மறுஆய்வு’ அப்படியே நின்றது. அதைப் பேனாவால் அடித்து, மேலே ‘மறு நில அளவை’ என்று எழுதித் திரும்பவும் அனுப்பியிருக்கிறேன்.