முதுகில் நான்கு ஸ்குரு போட்டால்?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கொள்கலன் லோரி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, இடுப்பு வலிக்கு நாலு ஸ்குரு போட்டு எலும்ப ஒட்டவைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. ஆயுசுக்கும் அந்த ஸ்குருதான் என்னைத் தாங்குமா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏற முடியுமா?" (பினாங்கில் படியேறிப் போக வேண்டிய முருகன் கோயில்தான் தண்ணீர்மலை.)

ஸ்குரு தாங்காது. எலும்பு சேரும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. எலும்பு சேராமல் போனால், டைட்டானியமாகவே இருந்தாலும் நாளடைவில் தளர்ந்துவிடும் அல்லது முறிந்துவிடும்.

1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இரு மருத்துவர்கள் முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் இந்த அறுவையைத் தொடங்கியபோது ஸ்குருவே கிடையாது. காசநோய் அரித்த முதுகெலும்புக்காகச் செய்தார்கள். ஆல்பி முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி முதுகில் பதித்தார்.

இன்று, இரண்டு முள்ளெலும்புகளின் மேற்பரப்பை ரத்தம் கசியும்வரை சுரண்டிவிட்டு, பல நேரம் நோயாளியின் எலும்பிலிருந்தே எடுத்த சில்லுகளை அங்கே நிரப்புகிறார்கள். அந்தச் சில்லுகளில் உள்ள செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும். பிறகு எலும்பைத் தின்னும் செல்கள் வருகின்றன. எலும்பின்மேல் கவிழ்ந்து, விளிம்பை அடைத்துக்கொண்டு, அடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. நம் வயிற்றில் இருக்கும் அதே அமிலம்! சுண்ணாம்புச் சத்து கரையக் கரைய, உள்ளே பூட்டிக் கிடந்த புரதங்கள் வெளிப்பட்டு, எலும்பு கட்டும் செல்களை அழைக்கின்றன. தின்ற குழியிலேயே புது எலும்பு எழும்புகிறது. பழையது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து இரண்டு முள்ளெலும்புகளையும் இணைக்கும் எலும்புப் பாலம் இறுகியிருக்கும்.

அந்த அழைப்பைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். எலும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, விலங்குகளின் தசைக்குள் வைத்தார். வெறும் தசைக்குள் எலும்பு முளைத்தது! 1965-இல் அவர் இதை வெளியிட்டார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இவ்வளவுக்கும் ரத்த ஓட்டம் வேண்டும். நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கும். புகைப்பவர்களுக்கு எலும்பு சேராமல் போவது அதிகம். அண்ணன் புகைப்பவராக இருந்தால் சிகரெட்டை இன்றே விட்டுவிட வேண்டும்.

எலும்பு சேர்ந்தால் வலி போய்விடுமா? முள்ளெலும்பு நழுவி நரம்பை அழுத்தினாலோ, முறிந்தாலோ, இந்த அறுவை பெரிய உதவி. காரணம் பிடிபடாத நாள்பட்ட வலி என்றால் கதை வேறு. பிரிட்டனில் 349 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், தீவிர உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். எம்.ஆர்.ஐ. படத்தையும் முழுதாக நம்ப முடியாது: 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, 36 சதவீதத்தினருக்குத்தான் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஸ்குருவுக்கு விற்பனையாளர் உண்டு, உடற்பயிற்சிக்கு இல்லை. அதனால்தான் அரசு ஆராய்ச்சிப் பணம் உடற்பயிற்சியின் பக்கம் போக வேண்டும் என்கிறேன்.

தண்ணீர்மலைக்கு வருகிறேன். படி ஏறும்போது மடங்குவது முக்கியமாக இடுப்பு மூட்டும் முழங்காலும்தான். இரண்டு முள்ளெலும்பு ஒன்றானதால் ஏற்றம் தடைபடாது. ஆனால் பாலம் இறுகிவிட்டதென்று டாக்டர் படம் பார்த்துச் சொன்ன பிறகு ஏறுங்கள், அண்ணே. காவடி எடுப்பதானால் அதன் எடையையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.