பின்னிரவில் கலையும் தூக்கம்: முதுமையின் விழிப்பும் பதற்றமும்

வயது முதிர்ந்தவர்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்லும் குறை, பெரும்பாலும், படுத்தவுடன் தூக்கம் வரவில்லை என்பதன்று. வந்த தூக்கம் பின்னிரவு இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ கலைந்துவிடுகிறது என்பதே. விழித்தவுடன் நெஞ்சு படபடக்கிறது. பகலில் பொருட்படுத்தாத சிறு வலியும், பிள்ளைகளைப் பற்றிய கவலையும், என்றோ நேர்ந்த மனத்தாங்கலும் வரிசையாக நினைவில் எழுகின்றன. இதைத் தம் மனத்தின் பலவீனம் என்று எண்ணி வருந்துவோர் பலர். ஆனால் விழிப்பு நேர்வதற்கும், அந்த நேரத்தில் கவலை பெரிதாகத் தோன்றுவதற்கும் உடலிலேயே காரணங்கள் உள்ளன. விழிப்பை முற்றிலும் தடுப்பது முதுமையில் கடினம். விழிப்பு பதற்றமாக வளர்வதைத் தடுப்பது அவ்வளவு கடினமன்று.

தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து நடத்துகின்றன என்ற விளக்கத்தைத் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982-இல் முன்வைத்தார். முதலாவது, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம்; அடினோசின் என்னும் பொருளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு, காபியிலுள்ள காஃபீன் மறைப்பதும் இதன் விளைவையே. இரண்டாவது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆன உயிர்க்கடிகாரம். முன்னிரவில் வரும் ஆழ்தூக்கம் அந்த அழுத்தத்தின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுவதால், பின்னிரவில் தூக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் கடிகாரத்தின் வேலையாகிறது. முதுமையில் ஆழ்தூக்கம் குறைந்து, சிறு ஓசைக்கும் கலையக்கூடிய மேலோட்டமான தூக்கம் கூடுகிறது. கடிகாரத்தின் ஏற்ற இறக்கமும் மட்டுப்படுகிறது. இரண்டு தாங்குதல்களும் ஒருங்கே தளரும் நேரம் பின்னிரவு என்பதால்தான் விழிப்பும் அப்போது வருகிறது.

அந்தக் கடிகாரம் வயதுடன் முன்னோக்கி நகரவும் செய்கிறது; அதாவது, தூக்கமும் விழிப்பும் முன்னைவிடச் சீக்கிரமாகவே வருகின்றன. விழித்திரையில் பார்ப்பதற்காக அன்றி, வெளிச்சத்தின் அளவைக் கடிகாரத்துக்குத் தெரிவிப்பதற்காகவே சில அணுக்கள் உள்ளன. அவை நீல ஒளிக்கு மிகுதியாகத் துலங்குபவை. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் ஏறி நீல ஒளியை வடிகட்டிவிடுவதோடு, முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே கழிக்கும் நேரமும் கூடுவதால், கடிகாரத்துக்குக் கிடைக்கும் செய்தி மங்கலாகிவிடுகிறது. இங்கே ஒரு சிறு கணக்கையும் பார்க்க வேண்டும். இரவு எட்டரை மணிக்கே தூங்கிவிடுபவர் மூன்றரை மணிக்கு விழித்தால் அவர் ஏழு மணி நேரம் தூங்கி முடித்திருக்கிறார். அது தூக்கமின்மை அன்று. இத்தகையோர் மாலை வெயிலில் சற்று நடந்து, படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிப்போட்டால், விழிக்கும் நேரமும் தாமதமாகக்கூடும்.

இனி, கவலை. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்து, பின்னிரவில் ஏறத் தொடங்கி, காலையில் உச்சத்தை அடைகிறது. முதுமையில் அந்த நள்ளிரவுத் தாழ்வு முன்புபோல் ஆழமாக இருப்பதில்லை. ஆகவே விழிக்கும் உடல் ஓரளவு கிளர்ச்சியுடனேயே விழிக்கிறது. அதே வேளையில், அச்சத்தை எடைபோட்டு அடக்கும் மூளையின் முன்பகுதி அரைத்தூக்கத்தில் மந்தமாக இருக்கிறது. கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. இத்தனைக்கும் மேலாக, "இப்போதே தூங்காவிட்டால் நாளைக்கு உடம்பு தாங்காது" என்ற எண்ணத்துடன் மணியைப் பார்ப்பதும், கண்ணை இறுக மூடித் தூக்கத்தை வரவழைக்க முயல்வதும் விழிப்பையே கூர்மையாக்குகின்றன. தூக்கம் முயற்சிக்குக் கட்டுப்படாத செயல். இப்படிப் பல இரவுகள் கழிந்தபின், படுக்கை என்பதே மூளைக்கு விழிப்பின் அடையாளமாகப் பதிந்துவிடுகிறது.

இந்தப் பதிவை அழிப்பதற்காக உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த முறை எளிமையானது: ஏறத்தாழ இருபது நிமிடங்கள் தூக்கம் வராததுபோல் தோன்றினால் (கடிகாரத்தைப் பார்க்காமல்) எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான ஏதேனும் ஒன்றில் ஈடுபட்டு, தூக்கம் கண்ணைச் செருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். தடுமாறி விழும் வாய்ப்புள்ளவர்கள் தொலைவுக்கு நடக்காமல், கட்டிலருகே உள்ள நாற்காலியில் அமர்ந்தாலே போதும். 1987-இல் உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் முன்வைத்த மற்றொரு முறை கேட்பதற்கு முரணாகத் தோன்றும்: தூக்கம் குறைந்தவர் படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். ஒன்பது மணி நேரம் படுத்து ஆறு மணி நேரம் மட்டுமே தூங்குபவர், சில வாரங்களுக்கு ஆறு அல்லது ஆறரை மணி நேரம் மட்டும் படுத்தால், தூக்க அழுத்தம் கூடித் துண்டுபட்ட தூக்கம் ஒன்றுசேர்கிறது. பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரின் துணையின்றி இதைச் செய்யக்கூடாது. இவற்றை உள்ளடக்கி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது.

கவலையை அதற்குரிய பகல் நேரத்துக்கு மாற்றுவதும் பயன் தரும். மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, உறுத்தும் விஷயங்களையும் ஒவ்வொன்றுக்கும் அடுத்து செய்யக்கூடிய சிறு காரியத்தையும் எழுதி வைத்தால், இரவில் அந்த எண்ணம் எழும்போது "இதற்கு நாளை மாலை நேரம் இருக்கிறது" என்று தள்ளிவைக்க முடிகிறது. மனத்தை வெறுமையாக்க முயல்வதைவிட இது நடக்கக்கூடிய காரியம் என்பது என் கருத்து.

மாத்திரைகளில் எச்சரிக்கை தேவை. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் தொகுக்கத் தொடங்கிய பட்டியல், இன்று பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளையும், மயக்கம் தரும் பழைய ஒவ்வாமை மருந்துகளையும் உள்ளடக்கியிருக்கிறது. அவை குழப்பத்தையும், கீழே விழுந்து எலும்பு முறியும் ஆபத்தையும் கூட்டுகின்றன. எனினும் நெடுநாள் பென்சோடயசெபைன் உட்கொண்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடவும் கூடாது. தூக்கத்தின் அமைப்பு நடுவயதிலேயே மாறத் தொடங்கி, 60 வயதுக்குப் பின், நோயற்றவர்களிடம், மிகச் சிறிதளவே மாறுகிறது; ஆகவே எழுபது வயதில் தூக்கம் திடீரெனக் கெட்டால் காரணத்தைத் தேட வேண்டும். உரத்த குறட்டையும் மூச்சுத் திணறி விழிப்பதும் தூக்க மூச்சுத்தடையைக் குறிக்கலாம்; கால்களை அசைத்தே தீரவேண்டும் என்ற உந்துதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சிகிச்சைகள் உண்டு. இரவு நெஞ்சுவலியையோ, படுத்தால் வரும் மூச்சிரைப்பையோ பதற்றம் என்று கருதிக் காத்திருக்கக்கூடாது. மற்றவற்றுக்கு மருத்துவரைக் காணச் செல்லுமுன், இரண்டு வாரங்களுக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், உட்கொண்ட மருந்துகளின் நேரம் ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் சென்றால், சிறுநீர் பெருக்கும் மாத்திரையை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுவது போன்ற எளிய திருத்தமே போதுமா என்பதை அவரால் விரைவில் கண்டறிய முடியும்.