ரெட்டைக் கரு, உயர் ஆபத்துக் கர்ப்பம்: தமிழ்நாட்டில் அரசிடமிருந்து என்ன கிடைக்கும், எப்படிப் பெறுவது

ஸ்கேனில் ரெட்டைக் கரு என்று தெரிந்த அன்றே அரசுக் கணக்கில் அது உயர் ஆபத்துக் கர்ப்பம் ஆகிவிடுகிறது. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ முந்தைய சிசேரியனோ கூடச் சேர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குறிப்பு தாய் சேய் நல அட்டையிலும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவிலும் ஏறியிருக்க வேண்டும். நிபுணரின் பரிசோதனை, கூடுதல் ஸ்கேன், பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரை எல்லாம் அந்தக் குறியைப் பார்த்துத்தான் நகரும். தனியார் ஸ்கேன் மையத்தில் "ரெட்டைப் பிள்ளை" என்று வாயால் சொன்னதோடு நின்றுவிட்டால், கிராம சுகாதார செவிலியரின் பட்டியலில் நீங்கள் சாதாரணக் கர்ப்பிணியாகவே இருப்பீர்கள்.

பிக்மி எண்

கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் கிராம சுகாதார செவிலியரிடமும் நகரத்தில் நகர சுகாதார செவிலியரிடமும் பதியலாம். பிக்மி இணையதளத்தில் நீங்களே பதியலாம், 102-ஐ அழைத்தும் பதியலாம். கிடைப்பது 12 இலக்க ஆர்.சி.எச். எண், இதைத்தான் பிக்மி எண் என்கிறார்கள். முழுக்கத் தனியாரிடமே பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது இதைக் கேட்பார்கள். தனியாரிடம் போகிறவர்கள் பலரும் ஏழாம் மாதம் வரை இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள், கீழே சொல்லப்படும் ரூ.18,000 நிதியுதவிக்கான 12 வார நிபந்தனை கடந்துபோயிருக்கும்.

இன்னொரு சிக்கல் வளைகாப்புக்குப் பிறகு வருகிறது. பதிவு புகுந்த வீட்டு ஊரில் இருக்கும், தாய் வீடு வேறு மாவட்டத்தில் இருக்கும். இரண்டு ஊர்ச் செவிலியர்களுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் பழைய ஊரில் "தொடர்பில் இல்லை" என்றும் புதிய ஊரில் பெயரே இல்லாமலும் ஒரு மாதம் ஓடிவிடும். ரெட்டைக் கருவில் அந்த ஒரு மாதம் பெரிய இழப்பு.

பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் (2016 முதல்) ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மையங்களில் மருத்துவரின் இலவசப் பரிசோதனை உண்டு. நான்காம் மாதத்திலிருந்து போகலாம். 9-ம் தேதி ஞாயிறானால் அடுத்த வேலை நாள். உயர் ஆபத்து என்று கண்டால் அட்டையில் சிவப்பு ஒட்டுவில்லை ஒட்டுவார்கள். 2022-ல் திட்டம் விரிவாக்கப்பட்டது. சிவப்பு ஒட்டு விழுந்த தாயைப் பிரசவம் வரை பெயர் வாரியாகப் பின்தொடர வேண்டும். வழக்கமான பரிசோதனைக்கு மேல் மூன்று முறை வந்துபோக ஊக்கத்தொகையும் அதில் உண்டு. ஒட்டு இல்லையென்றால் கேட்டு ஒட்டவையுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டிய ஒரு வரி

ரெட்டைக் கருவில் ஆபத்தின் அளவைத் தீர்மானிப்பது குழந்தைகளுக்கு நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளசெண்டா) ஒன்றா, இரண்டா என்பது. இதை 11 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் இடையில் எடுக்கும் ஸ்கேனில் ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிடலாம். இரு பைகளுக்கு நடுவே உள்ள தடுப்பு நஞ்சைத் தொடும் இடத்தில் முக்கோணம் போல விரிந்தால் நஞ்சு இரண்டு, மெலிதாக நேராக இறங்கினால் ஒன்று. 20 வாரத்துக்கு மேல் இரு நஞ்சுகளும் ஒட்டி ஒன்றுபோலத் தெரியும், தடுப்பின் அடியும் தெளிவாக இருக்காது. அப்போது மருத்துவர் ஊகத்தில்தான் எழுத வேண்டியிருக்கும்.

வேறு நாடுகளில் ஒன்று ஆண், ஒன்று பெண் என்று தெரிந்தால் நஞ்சு இரண்டு என்று முடித்துவிடுகிறார்கள். இங்கே 1994-ம் ஆண்டுச் சட்டப்படி பாலினத்தைச் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. அந்த வழி இல்லாததால் முதல் ஸ்கேனைத் தவறவிட்டால் ஈடுகட்டுவது நமக்கு இன்னும் கடினம். ஸ்கேன் அறையில் எதைக் கேட்டாலும் சட்டச் சிக்கலோ என்று பயந்து வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். நஞ்சு எத்தனை, பனிக்குடம் எத்தனை என்று கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லையென்றால் அன்றே எழுதி வாங்குங்கள்.

நஞ்சு இரண்டானால் ஐந்தாம் மாத ஸ்கேனிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் பொதுவாகப் போதும். நஞ்சு ஒன்றானால் 16-ம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரே நஞ்சில் இரு குழந்தைகளின் இரத்தக் குழாய்களும் இணைந்திருப்பதே காரணம். நூறில் 10 முதல் 15 கர்ப்பங்களில் ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்கு அதிகமாகப் போய்விடும். கொடுக்கும் குழந்தையைச் சுற்றிப் பனிநீர் வற்றி, ஆழம் 2 செ.மீ.க்குக் கீழே போகும். வாங்கும் குழந்தையின் பக்கம் 8 செ.மீ.க்கு மேல் பெருகும். அதன் இதயமும் திணறும். 16 முதல் 26 வாரத்துக்குள் கண்டுபிடித்தால் கருப்பைக்குள் கருவி விட்டு, இணைந்த குழாய்களை லேசரால் அடைக்கலாம். விட்டுவிட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளுமே தப்புவதில்லை. இந்த லேசர் சிகிச்சை எல்லா ஊரிலும் கிடைக்காது. அதனால் பனிநீர் அளவில் வேறுபாடு தெரிந்த அன்றே, கரு மருத்துவ நிபுணருக்கு என்று குறிப்பிட்ட பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பது இங்கே பொருந்தாது.

இரண்டு ஸ்கேனுக்கு நடுவே வயிறு நாலைந்து நாளில் திடீரென்று பெருத்து இறுகினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ 9-ம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எந்த மருத்துவமனையில் பிரசவம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளலாம். ரெட்டைப் பிரசவம் அங்கே நடக்கக் கூடாது. நாள் முழுதும் சிசேரியனும் இரத்த வங்கியும் உள்ள சீமாங்க் மையம் (அவசரகால மகப்பேறு, பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு மையம்) வேண்டும், அதே வளாகத்தில் பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவும் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இவை சேர்ந்து இருக்கும். சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி, இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆகியவை இதற்கென்றே இருப்பவை. தாலுகா மருத்துவமனையில் அறுவை அரங்கு இருக்கலாம், ஆனால் 32 வாரத்தில் பிறக்கும் இரண்டு குழந்தைகளுக்கு அது போதாது. பிறந்த பின் குழந்தைகளை ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட, வயிற்றிலிருக்கும்போதே தாயைக் கொண்டுபோவது எத்தனையோ மடங்கு பாதுகாப்பு.

எனவே ஏழாம் மாதத்துக்குள் அந்த மருத்துவமனையின் புற நோயாளிப் பிரிவில் ஒருமுறையாவது காட்டி, சீட்டு போட்டுவிடுங்கள். சிக்கல் இல்லாமல் போனால், நஞ்சு இரண்டு உள்ளவர்களுக்கு 37 முதல் 38 வாரத்திலும், நஞ்சு ஒன்று உள்ளவர்களுக்கு 36 முதல் 37 வாரத்திலும் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். ஒரே பனிக்குடத்தில் இருவரும் இருந்தால் தொப்புள்கொடிகள் பின்னிக்கொள்ளும் அபாயத்தால் 32 முதல் 34 வாரத்திலேயே சிசேரியன். தேதி குறித்துக் கொடுத்தால் நல்ல நாள் பார்த்து அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

34 வாரத்துக்கு முன்பே வலி வந்தாலோ நீர் உடைந்தாலோ குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவார்கள். ஒரு தடவைக்கு 6 மி.கி., 12 மணி நேர இடைவெளியில் நான்கு தடவை. மேல் சிகிச்சைக்கு அனுப்பும் இடத்திலேயே முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்பது அரசு வழிகாட்டுதல். போட்ட நேரத்தைப் பரிந்துரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அடுத்த இடத்தில் கணக்கு குழம்பும்.

கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, இரத்தப்போக்கு, நீர் உடைதல், அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108. அழைக்கும்போதே "ரெட்டைக் கரு, உயர் ஆபத்து" என்று சொல்லி, சீமாங்க் மையத்துக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள்.

காசு கேட்கக் கூடாதவை

ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற இலவசப் பிரசவ, சிசு சிகிச்சைத் திட்டம் 2011 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வருமான வரம்பும் எத்தனையாவது பிரசவம் என்ற கேள்வியும் இதில் இல்லை. அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, பரிசோதனை, ஸ்கேன், இரத்தம், உணவு எல்லாம் இலவசம். உணவு சுகப் பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். வீட்டிலிருந்து வரவும், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும், திரும்பி வீடு சேரவும் வண்டி இலவசம். வீடு திரும்பும் வண்டிக்கு 102. கர்ப்பகாலச் சிக்கல்களுக்கான சிகிச்சையும், ஒரு வயது வரை நோயுற்ற குழந்தையின் சிகிச்சையும் பின்னர் சேர்க்கப்பட்டன.

நடைமுறையில் "ஸ்கேன் வெளியே எடுத்து வாங்க", "இந்த மருந்து இருப்பில் இல்லை" என்று எழுதித் தருவது உண்டு. அந்தச் சீட்டோடு நிலைய மருத்துவ அதிகாரியைப் பாருங்கள். வெளியே செய்யவேண்டியிருந்தாலும் செலவு மருத்துவமனையுடையது. இரத்தம் மட்டும் வேறு கதை. கட்டணம் கிடையாது, ஆனாலும் ரெட்டைப் பிரசவத்தில் கருப்பை சுருங்காமல் இரத்தப்போக்கு ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், உங்கள் வகை இரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரைச் சொல்லிவைப்பது நல்லது.

முதலமைச்சர் காப்பீடு

தனியார் மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் குடும்பங்களை முறிப்பது அந்தக் கட்டணம்தான், அதுவும் இரண்டு குழந்தைக்கு இரண்டு கட்டணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. இது தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. இரு குழந்தைகளும் அந்த ஒரே தொகையைத்தான் பகிர வேண்டும். சாதாரணப் பிரசவச் செலவுக்கான திட்டமும் அல்ல.

குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். குழந்தைகள் இன்குபேட்டரில் இருக்கும்போது வருமானச் சான்றுக்கு அலைவது பெரும்பாடு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைதானா என்பதையும், இந்தச் சிகிச்சை அங்கே அனுமதிக்கப்பட்டதா என்பதையும் 1800 425 3993-ல் முன்கூட்டியே கேளுங்கள். சிகிச்சைக்கு முன் ஒப்புதல் வாங்குவது மருத்துவமனையின் வேலை. முன்பணம் கட்டியபின் காப்பீட்டுக்கு மாற்றுவது எளிதல்ல.

ரூ.18,000 நிதியுதவி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கம் ரூ.14,000, ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் ரூ.4,000 மதிப்புக்கு இரண்டு. 2024 முதல் தவணைகள் மூன்று: கர்ப்பத்தின் நான்காம் மாதம் ரூ.6,000, பிரசவமாகி நான்காம் மாதம் ரூ.6,000, பிரசவமாகி ஒன்பதாம் மாதம் ரூ.2,000. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த தாய்க்கு இரண்டு பிரசவங்கள் வரை கிடைக்கும். ரெட்டை என்பதால் தொகை இரட்டிப்பாகாது. வங்கிக் கணக்கு தாயின் பெயரில் மட்டும், ஆதாருடன் இணைந்து இருக்க வேண்டும். பணம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர், அல்லது நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

1961-ம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டம் தந்த உரிமைகள் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கின்றன. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், இரண்டுக்குக் குறைவான குழந்தைகள் உள்ளவருக்கு 26 வாரச் சம்பள விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது 8 வாரம். கர்ப்பத்தாலோ குறைமாதப் பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால் மருத்துவச் சான்றுடன் மேலும் ஒரு மாதம் கேட்கலாம். ரெட்டைக் கருக்காரர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படும் இந்த ஒரு மாதத்தை நிர்வாகங்கள் தாமாகச் சொல்வதில்லை. முதல் பிரசவத்திலேயே ரெட்டை பிறந்துவிட்டால் அடுத்த பிரசவத்துக்கு 12 வாரம்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

26-ம் வாரம் முடிவதற்குள் கரு கலைந்தால் 6 வார விடுப்பு. அதற்குப் பிறகு குழந்தை இறந்து பிறந்தாலும் சட்டம் அதைப் பிரசவமாகவே கொள்கிறது, முழு மகப்பேறு விடுப்பும் உண்டு. துயரத்தில் இருப்பவரிடம் "குழந்தைதான் இல்லையே" என்று விடுப்பைக் குறைப்பது சட்டமீறல்.

பிறந்த பிறகு

அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவில் எத்தனை நாள் இருந்தாலும் கட்டணம் இல்லை. தாய்ப்பால் போதவில்லையென்றால் தாய்ப்பால் வங்கி உள்ளதா என்று கேளுங்கள், பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு.

வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் விட்டுப்போவது விழித்திரைப் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்து 30 நாளுக்குள் இது நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு முதல் மூன்று வாரத்துக்குள். கெடு தாண்டினால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். ஒரு குழந்தை வீட்டுக்கு வந்து மற்றது மருத்துவமனையில் இருந்தால், வீட்டிலிருக்கும் குழந்தையின் தேதியைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பிறப்புப் பதிவு இருவருக்கும் தனித்தனி, 21 நாளுக்குள் இலவசம். மருத்துவமனை அனுப்பும் படிவத்தில் பிறந்த நேரமும் எடையும் பாலினமும் மாறி ஏறியிருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவதைவிட வார்டிலேயே திருத்துவது சுலபம்.