ஸ்டீயரிங் கனக்கிறதா? பாக்ஸை மாற்றுமுன் மின்சாரத்தைப் பாருங்கள்

“ஸ்டீயரிங் பாக்ஸ் போய்விட்டதாம், முழுதாக மாற்றவேண்டுமாம்” என்ற தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டே வருகிற கார் உரிமையாளர்கள் அதிகம். கார் மின்பழுது பார்ப்பது என் தொழில். அப்படி வருகிற வண்டிகளில் பல, அந்தப் பாக்ஸைத் தொடாமலே சரியாகித் திரும்பிப் போகின்றன. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் எல்லாவற்றையும்விட விலை அதிகமான பாகத்தின்மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது என்பது வேடிக்கை. யாருக்கு லாபம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பழைய ஹைட்ராலிக் முறையில் எண்ணெய், பம்பு, பெல்ட் இருந்தன. 1988இல் சுஸுகி செர்வோ என்ற சிறிய காரில் வந்த மின்முறையில் இவை எதுவும் இல்லை. ஸ்டீயரிங் தண்டின் இடையே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது இம்மியளவு முறுகும். அந்த முறுக்கை டார்க் சென்சார் அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். வண்டியின் வேகத்தையும் பார்த்துவிட்டு, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்று அந்தப் பெட்டி முடிவு செய்யும். நின்றபடி திருப்பும்போது உதவி மிக அதிகம். வேகம் கூடக் கூட உதவி குறையும்.

நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் மோட்டார் 60 ஆம்பியரையும் தாண்டி இழுக்கக்கூடும். சாதாரண ஹாலஜன் முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து எடுப்பது சுமார் 9 ஆம்பியர்தான். ஆகவே பேட்டரியோ கம்பியோ சற்றுத் தளர்ந்தாலும் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், இன்ஜின்கூட ஓடும். ஸ்டீயரிங் மட்டும் கைவிட்டுவிடும். “மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதே, பேட்டரி எப்படிக் காரணமாகும்?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அண்மையில் வந்த ஒரு கார். இரவில் விளக்கும் ஏசியும் போட்டு, பார்க்கிங்கில் பின்னால் எடுத்துத் திருப்பும்போது மட்டும் ஸ்டீயரிங் கல்லாக இறுகும், மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரியும். இன்ஜினை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். வேறோர் இடத்தில் மோட்டார் பழுது என்று சொல்லியிருந்தார்கள். பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில் மோட்டார் மின்னோட்டம் பற்றிய ஒரு கோடு (code, பழுதுக் குறியீடு) இருந்தது உண்மை. ஆனால் கூடவே குறைந்த மின்னழுத்தம் பற்றிய கோடும் இருந்தது. அதை யாரும் மதிக்கவில்லை. இன்ஜின் ஓட, பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தால் 13.8 வோல்ட், குறையே இல்லை. உதவியாளரை ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஸ்டீயரிங் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த்திலும் வைத்தேன். ஏறக்குறைய 2 வோல்ட் காட்டியது. நல்ல வண்டியில் அது கால் வோல்ட்டுக்குள் அடங்கவேண்டும். எர்த் கம்பி பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் போல்ட்டைக் கழற்றினால், வளையத்தின் அடியில் பச்சையும் துருவுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதோடு வேலை முடிந்தது.

இந்தச் சோதனையைச் சுமை இருக்கும்போதே செய்யவேண்டும். சும்மா நிற்கிற வண்டியில் துருப்பிடித்த இணைப்பும் 12 வோல்ட்டை அழகாகக் காட்டும். பாசிட்டிவ் பக்கத்திலும் இதே சோதனை உண்டு: பேட்டரியிலிருந்து பெரிய ஃப்யூஸ் வழியாகப் பெட்டியின் பிளக் வரை. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்கவேண்டிய பேட்டரி 12க்குக் கீழே கிடந்தால், அதைச் சார்ஜ் செய்து சோதித்த பிறகே மற்ற பேச்சு.

ஸ்கேனரைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான கோடு ரீடர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஸ்டீயரிங் பழுதுகள் ‘சி’ வரிசையிலும், கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு இடையிலான பேச்சு அறுந்தால் ‘யு’ வரிசையிலும் பதிவாகும். “ஸ்கேன் செய்தேன், ஒன்றுமில்லை” என்று ஒருவர் சொன்னால், எந்த ஸ்கேனரில் என்று கேளுங்கள். அப்படியே கோடு கிடைத்தாலும், பழுது எங்கே உணரப்பட்டது என்பதைத்தான் அது சொல்லும். எதனால் என்பதைச் சொல்லாது. வேகத் தகவல் வராமல் போனால் ஸ்டீயரிங் விளக்கு எரியலாம். பழுதோ சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் பிரேக் பக்கத்தில் இருக்கும்.

எச்சரிக்கை விளக்கு எரியாமலே கனத்தால், மின்சாரத்தை விட்டுவிட்டு டயரில் காற்றைப் பாருங்கள். பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கையால் திருப்பிப் பார்க்கவேண்டும். ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் துருவில் இறுகியிருக்கலாம். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் சிக்கியிருக்கலாம். குறுகலான இடத்தில் பலமுறை ஒடித்து ஒடித்துத் திருப்பியபின் கனத்து, சிறிது நேரத்தில் தானே சரியானால் அது பழுதே அல்ல. மோட்டார் சூடேறியதால் பெட்டி உதவியைக் குறைத்திருக்கிறது.

நான் தயங்காமல் வண்டியை நிறுத்தச் சொல்வது ஒரே வகை அறிகுறிக்கு. கை எடுத்ததும் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுத்துத் திரும்புவது, அல்லது இடப்பக்கம் இலகுவாகவும் வலப்பக்கம் கனமாகவும் இருப்பது. டார்க் சென்சார் பொய் சொல்கிறது என்பதற்கு வாய்ப்பு அதிகம். உதவி முழுதாக நின்றுபோனால்கூடச் சக்கரத்துக்கும் கைக்கும் இடையே இரும்புத் தொடர்பு இருக்கிறது. பலத்தோடு திருப்பி ஓரங்கட்டிவிடலாம். பொய்யான உதவி அதைவிட மோசம்.

உண்மையிலேயே ஸ்டீயரிங் தண்டுத் தொகுதியோ (column), சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டமான ரேக்கோ மாற்றும் நிலை வந்தால், கழற்றுமுன் சக்கரங்களை நேராக வைத்து ஸ்டீயரிங்கை அசையாமல் கட்டவேண்டும். இல்லையென்றால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கம்பி அறுந்துபோகலாம். பேட்டரியைத் துண்டித்துச் சில நிமிடம் காத்திருப்பதும் அந்த ஏர்பேக்குக்காகத்தான். மாட்டியபின் சமதரையில் சக்கரங்கள் நேராக நிற்க, ஸ்டீயரிங்கில் யார் கையும் படாதபோது, ஸ்கேனர் மூலம் சென்சார்களுக்குப் பூஜ்ஜியப் புள்ளி அமைக்கவேண்டும். பல கார்களில் வீல் அலைன்மெண்ட் செய்த பிறகும், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கோணச் சென்சாருக்கு இது தேவை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகம் வாங்குவதாக இருந்தால், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியை உங்கள் வண்டிக்கு மறுபதிவு செய்ய முடியுமா என்று பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் முடியாது.