ஜெர்மன் லுக்: தோற்றமா, வாகா?

பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டுக் காரை, குறிப்பாக 1970களில் வந்த 1302, 1303 ஆகிய வடிவங்களை, வேகமாகவும் தடுமாறாமலும் வளைவுகளில் ஓடத் தக்கதாக போர்ஷே காரின் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன், சில சமயம் எஞ்சின் ஆகியவற்றைக் கொண்டு மாற்றிக் கட்டும் பாணிக்கு 'ஜெர்மன் லுக்' என்று பெயர். பெயரைக் கேட்டவர் இது ஏதோ வெளிப்பூச்சு பற்றிய சங்கதி என்று நினைப்பார். ஆனால் இந்தப் பாணியின் வேலையில் பெரும்பகுதி, காரைத் தூக்கி நிறுத்தி அடியில் குனிந்து பார்த்தால் ஒழியக் கண்ணில் படாது. பெயர் ஒன்றைச் சொல்லிப் பொருள் வேறொன்றாக இருப்பதனால்தான், இதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது நேர் மொழிபெயர்ப்பு கைகொடுப்பதில்லை.

முதலில் அந்தக் காரின் பெயர். 'ஃபோல்க்' என்றால் மக்கள், 'வாகன்' என்றால் வண்டி. 'கேஃபர்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு வண்டு என்று பொருள்; அது மக்கள் வைத்த செல்லப் பெயர், நிறுவனம் அதைப் பின்னால்தான் ஏற்றுக்கொண்டது. வண்டு, வண்டி என்று ஓரெழுத்து மட்டும் மாறும் இணை தமிழுக்கு இலவசமாகக் கிடைத்திருப்பதால், இக்கட்டுரையில் அந்தக் காரை வண்டு என்றே குறிக்கிறேன்.

அடுத்து 'லுக்'. ஆங்கிலத்தில் பார்வையைக் குறித்த இச்சொல் ஆடை அலங்கார உலகில் ஒரு முழு ஒப்பனைப் பாணியைக் குறிக்கவும் வழங்குகிறது; 1947இல் கிறிஸ்டியன் டியோரின் உடைகளுக்கு 'நியூ லுக்' என்ற பெயர் விழுந்தது அதற்கு நன்கு அறிந்த சான்று. வண்டுக் கார்களிடம் இச்சொல் கலிபோர்னியா வழியாக வந்தது. தெற்குக் கலிபோர்னிய இளைஞர்கள் வண்டின் பளபளப்புப் பட்டைகளையும் பம்பர்களையும் கழற்றிவிட்டு, மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்தி, கால் மைல் நேர்ப் பந்தயத்துக்கு ஏற்ற எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 'ஹாட் விடபிள்யூஸ்' என்ற அமெரிக்க இதழ் 1975 பிப்ரவரியில் அதற்குக் 'கலிபோர்னியா லுக்' என்று பெயர் சூட்டியது. அது சுருங்கிக் 'கேல் லுக்' ஆயிற்று. அந்த அச்சில் வார்த்த சொல்தான் ஜெர்மன் லுக். பாணி ஜெர்மானியம், பெயர் ஆங்கிலம். ஜெர்மானியரே அதை ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள்.

பெயர் பிந்தியது, வேலை முந்தியது. போர்ஷே 356இன் எஞ்சினை வண்டின் பின்புறத்தில் ஏற்றும் வழக்கம் ஜெர்மனியில் 1960களிலேயே உண்டு. இரண்டு கார்களும் ஒரே குடும்பம்: வண்டை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, அதன் உறுப்புகளின் அடிப்படையில் உருவானதே 356. ஆஸ்திரியாவில் போர்ஷே சால்ஸ்புர்க் நிறுவனம் 1302 எஸ், 1303 எஸ் கார்களை 1970களின் தொடக்கத்தில் ராலிப் பந்தயங்களில் இறக்கியது. மலைப்பாதையின் வளைவுகளில் தாக்குப்பிடித்தாக வேண்டிய அந்தக் கார்களின் மரபிலிருந்துதான் இந்தப் பாணியின் அடிப்படைக் குணம் வந்தது. கலிபோர்னியப் பாணி பந்தயத்தின் நேர்கோட்டில் பிறந்தது. ஜெர்மானியப் பாணி வளைவில் பிறந்தது.

1302, 1303 ஏன் இதற்கு உகந்தவை என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய வண்டின் பின் அச்சு, கியர்பாக்ஸை ஒட்டிய ஒரே மூட்டில் பறவையின் இறக்கைபோல மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் திடீரென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி எம்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், கார் சுழலும். ஐரோப்பியச் சந்தைக்கு 1970 ஆகஸ்டில் வந்த 1302இல் பின்புற அச்சுத்தண்டு ஒவ்வொன்றுக்கும் இரு மூட்டுகளும், சக்கரத்தைத் தாங்கச் சாய்வான கரமும் இருந்ததனால் சக்கரம் சாலையில் ஏறத்தாழ நிமிர்ந்தே நின்றது. முன்பக்கத்திலும், சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த மேக்ஃபர்சன் வகைத் தாங்கிகள் வந்தன. 1976இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 924, அதன் பின்னவனான 944 ஆகியவற்றின் பின்புற அமைப்பும் இதே வண்டின் வழியில் வந்தது. ஆகவே பிந்தைய 944இன் அலுமினியக் கரத்தை வண்டில் மாட்டுவது, பங்காளி வீட்டுப் பாத்திரத்தை வாங்கி உலையேற்றுவது போன்றது. சிறிது வேலை இருக்கும், ஆனால் பொருந்தும்.

இன்னோர் உறுப்பின் பெயரும் இங்கே விளக்கத் தக்கது. வண்டின் எஞ்சின் கியர்பாக்ஸின் பின்னால் தாங்கலின்றித் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஐம்பது குதிரைத்திறனுக்குச் செய்த சட்டகம் அதைப்போல மூன்று மடங்கு திறனைச் சுமக்கும்போது நெளியும். அதைத் தடுக்க, ஷாக் அப்சார்பர்களின் மேல்முனைகளிலிருந்து எஞ்சினின் தாங்குசட்டத்துக்குக் குழாய்களை முக்கோணமாகப் பிணைக்கிறார்கள். இதற்குக் 'கேஃபர்ஷ்ட்ரேபே' என்று பெயர். 'ஷ்ட்ரேபே' என்பது சாயும் சுவருக்கு நாம் கொடுக்கும் உதைகால்தான். 'வண்டு உதைகால்' என்று கூசாமல் எழுதலாம்.

பாணியை வரையறுப்பது எஞ்சின் அன்று, பிரேக் என்பது என் கருத்து. இதற்கு ஜெர்மனியின் சட்டமும் ஒரு காரணம். காரில் திறனைக் கூட்டும் மாற்றம் எதையும் செய்தால் அதன் இயக்க அனுமதி பறிபோகலாம். 'டியூஃப்' போன்ற தொழில்நுட்ப ஆய்வு அமைப்பின் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டு, மாற்றம் காரின் பத்திரத்தில் பதிவாக வேண்டும். எஞ்சினைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய டிரம் பிரேக்கோடு போய் நின்றால் அவர் கையெழுத்திட மாட்டார். வேகவரம்பற்ற ஆட்டோபான் பகுதிகள் உள்ள நாட்டில் அது நியாயமும்கூட. எனவே ஓடும் திறனும் நிற்கும் திறனும் சேர்ந்தே வளர்ந்தன.

வெளியிலிருந்து அடையாளம் காணச் சக்கரத்தைப் பார்க்கலாம். 1968 மாடல் முதல் வண்டின் சக்கரத்துக்கு நான்கு போல்ட்டுகள், போர்ஷேவுக்கு ஐந்து. போர்ஷே 911 எஸ் காருக்காக ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் அடித்துருவாக்கிய ஐந்து இதழ்ச் சக்கரம்தான் இந்தப் பாணியின் முத்திரை. 'ஃபுக்ஸ்' என்றால் ஜெர்மனில் நரி. வண்டுக்கு நரிக்கால் என்று ஒரு விடுகதையே போடலாம். அந்த இதழ்களின் இடைவெளியில் அகலமான, காற்றோட்டமுள்ள டிஸ்க் தெரிந்தால் அது ஜெர்மன் லுக். போலிச் சக்கரத்துக்குப் பின்னால் பழைய டிரம் தெரிந்தால் அது வேடம், அவ்வளவுதான்.

இனித் தமிழ். 'ஜெர்மானியத் தோற்றம்' என்று எழுதுவோர் உண்டாகலாம். 'தோற்றம்' என்ற சொல்லுக்குப் பிறப்பு என்றும் பொருளுண்டு. தெருமுனை அஞ்சலிச் சுவரொட்டியில் 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதிகள் போடுவதில்லையா? ஜெர்மானியத் தோற்றம் என்றால் ஜெர்மனியில் பிறந்தது என்றே படிப்பவர் கொள்வார். வண்டின் பிறப்பே அங்குதான் என்பதால் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. 'கோலம்' பூணுவது, மணக்கோலம்போல அணிந்து களையக்கூடியது. அது கலிபோர்னியப் பாணிக்கு ஓரளவு பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. வெறும் 'பாணி' பிழையற்றது, ஆனால் மெத்தனமானது.

நான் முன்வைக்கும் சொல் 'வாகு'. உடல்வாகு என்கிறோம், அது முகப்பூச்சு அன்று, எலும்பும் தசையும் அமைந்திருக்கும் விதம், அதே சமயம் வெளியே பார்த்தாலும் தெரிவது. கைவாகு என்பது செய்திறன். 'வாகாக' என்றால் பொருந்தி, வசதியாக என்று பொருள். கட்டமைப்பு, திறன், பொருத்தம் ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் இருக்க, 'லுக்' மறைத்துவிட்டதை இது மீட்டுத் தருகிறது.

'டியூனிங்' என்பதற்கும் ஒரு வார்த்தை. அது சுருதி சேர்ப்பதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல். எஞ்சினை முறுக்கேற்றுவதற்கு ஜெர்மானியர் பேச்சில் வழங்கும் பழைய சொல்லோ 'ஃப்ரிசீரன்', அதாவது தலை வாரி ஒப்பனை செய்தல். உள்வேலைக்கு ஒப்பனைப் பெயரிடும் குறும்பு அவர்களிடமும் இருந்திருக்கிறது. தமிழில் 'திறன்கூட்டல்' போதும்.

எழுதும்போது முதல் இடத்தில் 'ஜெர்மன் லுக் எனப்படும் ஜெர்மானிய வாகு' என்று குறித்து, பிறகு 'ஜெர்மானிய வாகில் கட்டிய 1303', 'வாகு மாறாமல் எஞ்சின் மட்டும் மாறிய வண்டு' என்று வழங்கலாம். டிரம் பிரேக்கோடு நரிக்கால் மட்டும் மாட்டியதை 'ஜெர்மானியக் கோலம்' என்று எழுதுவதிலும் தவறில்லை.