கார் கை மாறினால் போதாது, ஆர்சியில் பெயர் மாற வேண்டும்

பழைய காரைத் தெரிந்தவருக்கோ விளம்பரம் பார்த்து வந்தவருக்கோ நேரடியாக விற்கிறோம். பேரம் முடிகிறது, பணம் வருகிறது, சாவியைக் கொடுக்கிறோம், அவர் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். விற்றாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டத்தைக் கேட்டால் அது இன்னும் நம் கார்தான் என்று சொல்லும். மோட்டார் வாகனச் சட்டம், 1988, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரைத்தான் உரிமையாளர் என்கிறது. யார் ஓட்டுகிறார், யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

எனக்கு இது உறைத்தது ஒரு எஸ்எம்எஸ்ஸில். விற்று நாலு மாதம் ஆன காருக்கு, சிக்னலை மீறியதாக என் நம்பருக்கு இ-சலான் வந்தது. வாங்கியவருக்குப் போன் போட்டால் "அடுத்த வாரம் மாத்திடறேன் சார்" என்றார். அபராதம் பெரிய தொகை இல்லை, கட்டிவிடலாம், ஆனால் அதே சிக்னலில் யார் மீதாவது மோதியிருந்தால் என்று யோசித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. வீண் பயம் என்று தள்ளவும் முடியாது. 2018இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கில், 2007இல் விற்கப்பட்ட கார் அதற்குப் பிறகும் ஒவ்வொருவராகக் கை மாறிப் போய், 2009இல் விபத்தில் சிக்கியது. ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், முதலில் விற்றவரின் பெயரே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பை அவர் தலையில்தான் வைத்தது நீதிமன்றம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? சட்டத்தின் 50ஆவது பிரிவு இரண்டு பேருக்கும் தனித்தனியாக வேலை கொடுக்கிறது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பெயர் மாற்றுவது வாங்குபவர் பாடு என்று விட்டுவிடுகிறோம். அப்படி இல்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29இல் ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள், தான் குடியிருக்கும் பகுதியின் ஆர்டிஓ ஆபீஸுக்குப் படிவம் 30உடன் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் என்று பார்த்தால் சில நூறு ரூபாய்தான், புரோக்கர் கேட்பது வேறு கணக்கு. விண்ணப்பத்தை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பதிவு செய்து கட்டணத்தையும் கட்டிவிடலாம்.

புரோக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. விற்பவர் முன்னால் 29, 30 இரண்டையும் வைத்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டி, "இங்க, இங்க, இங்க ஒரு கையெழுத்து" என்பார். வாங்குபவர் பெயர், தேதி, விலை எல்லாம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடம்தான் அவருக்கு வேண்டும்: காரை இன்னும் இரண்டு பேருக்குக் கை மாற்றிவிட்டுக் கடைசியாக வாங்குபவர் பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம், நடுவில் இருக்கும் ஆறு மாதமோ ஒரு வருடமோ உரிமையாளர் நீங்கள்தான். காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள், எதிரில் இருப்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும். வாங்குபவர் பெயர், முகவரி, தேதியை எழுதிவிட்டுப் போடுங்கள், போட்டதும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் 29இன் ஒரு பிரதியை நீங்களே ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்து ஒப்புகை வாங்கினாலோ பதிவுத் தபாலில் அனுப்பினாலோ, நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் காட்டுவதற்கு உங்களிடம் காகிதம் இருக்கும். பெயர் மாறாத வரை அது முழுப் பாதுகாப்பு இல்லை என்பதும் உண்மை.

கூடவே ஒரு டெலிவரி நோட். வண்டி எண், சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், கிலோமீட்டர், விலை, பணம் வந்த விதம், முக்கியமாகத் தேதியும் நேரமும். காலை 11.40க்குச் சாவி கொடுத்தீர்கள் என்றால் 11.40 என்றே எழுத வேண்டும். மதியம் ஒரு மணிக்கு அந்த வண்டி எங்காவது எதையாவது செய்துவைத்தால், அப்போது வண்டி உங்கள் கையில் இல்லை என்று சொல்ல அந்த வரிதான் துணைக்கு வரும். வாங்குபவரின் அடையாள அட்டை நகல் ஒன்றும் அதோடு பின் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லோனில் எடுத்த கார் என்றால் ஆர்சியில் பைனான்ஸ் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கும். லோன் அடைந்துவிட்டது என்று வாயால் சொல்வது எதற்கும் உதவாது. வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), வங்கியும் உரிமையாளரும் கையெழுத்திட்ட படிவம் 35உம் கொடுத்து அந்தப் பதிவை நீக்க வேண்டும். வாங்குபவராக இருந்தால் முழுப் பணம் கொடுக்கும் முன்பே இதைப் பாருங்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டாலே இன்சூரன்ஸ், மாசுச் சான்று, பதிவு எந்தத் தேதி வரை என்பதெல்லாம் வந்துவிடும். பாக்கி சலான்களை இ-சலான் தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். 15 வருடத்தை நெருங்கிய கார் மலிவாகக் கிடைத்தால், பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணமும் அதற்கான சோதனையும் உங்கள் தலையில் விழும் என்பதையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநில கார் தனிக் கதை. முதலில் பதிவான ஆர்டிஓ ஆபீஸிலிருந்து படிவம் 28 மூலம் என்ஓசி வாங்க வேண்டும், அதற்குச் சேஸ் நம்பரின் பென்சில் தடம் கேட்பார்கள். உலோகத்தில் பொறித்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்து, சின்ன வயதில் நாணயத்தின் மேல் தேய்த்து விளையாடினோமே, அதேபோல் தேய்த்து எடுப்பது. துரு ஏறிய எண் என்றால் ஒரு மணி நேரம் போய்விடும். விற்பவர் தெரிவிப்பதற்கு இங்கே 45 நாள் அவகாசம். உண்மையான செலவு சாலை வரியில் இருக்கிறது: மாநிலத்துக்குள் கை மாறினால் ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியே போதும், வெளியிலிருந்து கொண்டுவந்து இங்கே பதிவு செய்தால் வண்டியின் வயதைக் கணக்கிட்டு வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் மிச்சமுள்ள காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கு அலைய வேண்டும். வெளியூர் கார் அநியாயத்துக்கு மலிவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த வரி விலையில் சேராததுதான்.

இன்சூரன்ஸில் இரண்டு பேருமே ஏமாறுகிறார்கள். கார் கை மாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதி, தானாகவே புதியவருக்கு வந்துவிடும் என்று அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவு சொல்கிறது, ஆனால் 14 நாளுக்குள் அவர் கம்பெனியிடம் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக வராது. பாலிசி பழையவர் பெயரில் இருக்க, ஆர்சி மட்டும் புதியவர் பெயருக்கு வந்த பிறகு சுவரில் இடித்தால் க்ளெய்ம் கேட்பது பெரும்பாடு. அடுத்தது என்சிபி, அதாவது க்ளெய்ம் செய்யாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி. அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும், அது வண்டிக்குச் சொந்தமில்லை, மனிதருக்குச் சொந்தம். விற்பவர் தன் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் 3 வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். வாங்குபவர் அந்தத் தள்ளுபடித் தொகையை மிச்ச நாளுக்குக் கணக்கிட்டுக் கட்ட வேண்டியிருக்கும். விற்றவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை, அடுத்த காருக்கு முழு பிரீமியம் கட்டுகிறார்கள். ஃபாஸ்டேகையும் விற்பவர் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவர் ஊர் சுற்ற உங்கள் கணக்கில் டோல் போகும்.

வரி என்றதும் ஜிஎஸ்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் 55ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் பழைய கார்களுக்கு 18 சதவீதம் என்று முடிவெடுத்தபோது வாட்ஸ்அப்பில் ஒரே களேபரம். அது தொழிலாகக் காரை வாங்கி விற்கும் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்களுக்கு, அதுவும் அவர்களுக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது மட்டும். 6 லட்சத்துக்கு வாங்கி 6.5 லட்சத்துக்கு விற்றால் 50,000க்குத்தான் வரி. சொந்தக் காரை இன்னொரு தனிநபருக்கு விற்கும் நமக்கு ஒன்றும் கிடையாது. வருமான வரியிலும் அப்படியே: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் மூலதனச் சொத்தில் சேராது, லாபம் வந்தாலும் வரி இல்லை, நஷ்டத்தைக் காட்டிக் கழிக்கவும் முடியாது. தொழில் கணக்கில் காட்டி தேய்மானம் எடுத்த கார் என்றால் மட்டும் ஆடிட்டரிடம் போங்கள்.

ரொக்கத்தில்தான் கவனம் தேவை. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம், அது வாங்கிக்கொண்டவர் தலையில், அதாவது விற்பவர் தலையில். இரண்டு தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே கார்தான், ஒரே பரிவர்த்தனைதான்.

எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் ஒரு மாதம் கழித்து எம்பரிவாகனில் பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது, நடுவில் நட்சத்திரக் குறிகளாக இருக்கும். முதல் எழுத்து இன்னும் உங்களுடையதாகவே இருந்தால் அன்றே வாங்கியவருக்குப் போன் போடுங்கள், "அடுத்த வாரம்" என்றால் அவர் வீட்டுக்கே போய் நில்லுங்கள்.